நார்மல் ஒன்று

ஆடக்கூடாது என்று சொன்ன மறு நொடியே உடம்பில் எங்கெங்கோ அரிக்கத் தொடங்கிவிடுகிறது. ஹெப்சிபாவுக்கு முதலில் மூக்கு நுனி, பிறகு இடது புருவம், பிறகு முதுகில் கை எட்டாத அந்த ஒரு இடம். ஸ்கேன் எடுக்கிற கோதண்டம் அவள் முகத்துக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டை மாட்டி, உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்தைத் திணித்து, "ரொம்ப பயமா இருந்தா மட்டும் இத அமுக்குங்க மேடம். தலை ஆடவே கூடாது. எச்சில் முழுங்கினாக்கூட பதமா முழுங்குங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு காதிலும் பஞ்சு மாதிரி எதையோ அடைத்தார். காதைப் பற்றித்தான் சந்தேகமே, அதைப் போய் அடைக்கிறீர்களே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பலகை நகர்ந்து, அடுப்பில் விறகைத் தள்ளுவதுபோல அவளை அந்தக் குழாய்க்குள் தள்ளியது. கண்ணுக்கு ஒரு சாண் மேலே வெள்ளைக் கூரை. இந்தக் குழாய்க்குள்ளிருந்து வெளியே வருகிற படங்களைச் சுவரில் ஓட்டி எத்தனை வருஷம் பாடம் எடுத்திருக்கிறாள்! மூளையின் அடிப்பக்கம், இரண்டு காதிலிருந்தும் நரம்பு உள்ளே நுழைகிற இடம், அங்கே இந்தப் பக்கம் ஒரு கட்டி, அந்தப் பக்கம் ஒரு கட்டி. புற்று இல்லை, பரவாது, ஆனால் வளர்வதை நிறுத்தாது. முதலில் காதில் இரைச்சல், பிறகு தள்ளாட்டம், பிறகு காது சுத்தமாகப் போய்விடும், பிறகு, இடம் போதாமல், மற்றவையும். ஒரே ஒரு மரபணு கெட்டால் போதும். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பாதிக்குப் பாதி என்று எவ்வளவு லேசாகச் சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விடுவாள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அவளுடைய பாதிக்குப் பாதி உட்கார்ந்திருக்கிறது, கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு. அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி என்று நம்பிக்கொண்டிருக்கிறாள் ஜெமீமா.

சத்தம் ஆரம்பித்தது. சாலையை உடைக்கிற இயந்திரத்தை மண்டைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த மாதிரி டட்டட்டட்டட் என்று ஒரே தாளம். அடைப்பையும் மீறிப் பல்லில் வந்து அதிர்ந்தது. இதற்குள் படுத்துக்கொண்டு எதையாவது நினைத்தாக வேண்டும், நல்லதாக நினை, கடற்கரை, மழை, பிரியாணி. மனசு என்ன சொன்ன பேச்சுக் கேட்கிற ஜாதியா? அது நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய் நின்றது. முதல் வருஷ மாணவர்களுக்கு அவள் சொல்லுகிற அதே வாய்ப்பாடு: செல் என்பது தண்ணீர் ரொப்பிய பை இல்லை, பிள்ளைகளா. மேலே மெல்லிய சவ்வு, உள்ளே இழை இழையாகக் கட்டிய சாரம். சவ்வும் சாரமும் தானாக ஒட்டிக்கொள்ளாது, நடுவில் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அப்படிச் சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் தலைப்பகுதிக்குப் பெயர் ஃபெர்ம். நான்கு புரதங்களின் பெயரிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிச் சேர்த்த பெயர். தலை சவ்வைப் பிடிக்கும், மறுமுனை உள்ளே சாரத்தைப் பிடிக்கும். பிடிப்பதோடு விடாது, வெளியே நடப்பதை உள்ளே போய்ச் சொல்லும். வேலை இல்லாத நேரத்தில் தன் தலையால் தன் வாலையே கவ்விக்கொண்டு சுருண்டு கிடக்கும். இங்கே ஒரு சிரிப்பு எழும், பின்பெஞ்சில் எவனாவது அவன் நண்பனைக் காட்டுவான். அந்தக் குடும்பத்துச் சொந்தக்காரப் புரதம் ஒன்றுக்குத் தனி வேலை, செல்லுக்கு அடக்கம் சொல்லித்தருவது. பக்கத்தில் ஆள் வந்துவிட்டது, தொட்டாயிற்று, போதும், இனி வளராதே. பள்ளிக்கூடத்தில் காலையில் வரிசை நிற்கிறோமே, அது மாதிரி: கையை நீட்டி முன்னால் நிற்கிறவன் தோளைத் தொடு, தொட்டதும் கையை இறக்கு, அங்கேயே நில். இந்தப் புரதத்தின் ஃபெர்ம் தலை உடைந்துபோனால் தொட்டது தெரியாது. காது நரம்பைச் சுற்றிப் போர்த்தியிருக்கிற செல்கள் தோளைத் தொட்ட பிறகும் இன்னும் கையை நீட்டிக்கொண்டே இருக்கும். இந்த உவமையை அவள் எங்கேயும் படித்ததில்லை. அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், விசிலை ஊதிக்கொண்டு வரிசைக்கு நடுவில் நடப்பார், தோளைத் தொடுல, தொட்டுட்டு நில்லுல. சத்தம் சட்டென்று நின்றது. நின்ற இடத்தில், இடது காதில், அந்தக் கொசு. எல்லாச் சத்தமும் ஓய்ந்த பிறகு பாடுகிற கொசு. ஆய்வுக்கூடத்து ஃப்ரீசரின் இரைச்சல் காதில் தங்கிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஏது அவ்வளவு பெரிய ஃப்ரீசர் என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

போன வாரம் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இல்லை, சரியாக இருந்ததாகத்தான் இருந்தது. அவளிடம் ஆராய்ச்சி செய்கிற சபூரா, அடக்கமான பெண், கதவைத் தட்டிவிட்டுத் தட்டியதற்கே மன்னிப்புக் கேட்கிற பெண், வந்து நின்று, "மேம், நம்ம நார்மல் ஒன்னு கெட்டுப்போயிருச்சு போல இருக்கு" என்றாள். நார்மல் ஒன்று என்பது ஃப்ரீசரில் இருக்கிற ஒரு குழாய். நோயாளி ரத்தத்தில் அந்த மரபணு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, நோயில்லாத ஒருவர் ரத்தத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இவருக்கு இரண்டு பிரதி இருந்தால் நோயாளிக்கும் இரண்டு இருக்கிறதா, ஒன்றுதானா? நோயில்லாத ஒருவருக்கு எங்கே போவது? ஆய்வுக்கூடத்தில் அதற்கெல்லாம் வெளியே அலையமாட்டார்கள், யார் அப்போது பக்கத்தில் நிற்கிறார்களோ அவர்கள் கையை நீட்டுவார்கள். உலகம் முழுக்க இப்படித்தான், எழுதாத வழக்கம். விதிப்படி பார்த்தால் மூன்று நான்கு பேருடையது வேண்டும். ஆரம்பித்த புதிதில் ஆள் இல்லை, அவசரம், ஹெப்சிபா தானே சட்டைக்கையைச் சுருட்டினாள். நல்ல நரம்பு அவளுக்கு, குத்தின உடனே வரும், அதில் கொஞ்சம் பெருமைகூட. குழாயில் பெயர் போடக்கூடாது, அதனால் நார்மல் ஒன்று. தீரத் தீர அவளே கொடுத்தாள். அதுதான் அளவுகோல். எத்தனையோ ஊரிலிருந்து வந்த எத்தனையோ ரத்தத்தை அந்த ஒரு குழாயோடு வைத்துத்தான் பார்த்தார்கள். பார்த்தபோது ஆரம்பத்திலேயே ஒரு வேடிக்கை நடந்தது. மரபணுவில் இரண்டாவது துண்டும் மூன்றாவது துண்டும், ஃபெர்ம் தலையைச் செய்கிற துண்டுகள், வந்தவர்கள் எல்லாருக்கும் இரண்டு மடங்காகக் காட்டின. எல்லாருக்கும்! நோயாளிக்கும் இரண்டு மடங்கு, துணைக்கு வந்த மாமாவுக்கும் இரண்டு மடங்கு. அவள் என்ன செய்தாள்? உதட்டைப் பிதுக்கி, வாங்கின வேதிப்பொருள் மட்டம், அந்த இரண்டு துண்டையும் தேடாதீர்கள், விட்டுவிடுங்கள் என்றாள். ஊர் முழுக்க இரண்டு மடங்கு என்றால் ஊரில் கோளாறா, அளக்கிற கோலில் கோளாறா? ஒரு குழந்தை கேட்கும் இதை. இப்போது குழாய் தீர்ந்துகொண்டு வருகிறதே என்று சபூரா தன் ரத்தத்தையும் விடுதித் தோழிகள் ரத்தத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து, விட்டுப்போன துண்டுகளையும் ஆசைக்குச் சேர்த்து ஓட்டிப்பார்த்திருக்கிறாள். எல்லாரும் ஒரே அளவு. நார்மல் ஒன்று மட்டும் பாதி. "பழசில்ல மேம், அதான் கெட்டிருக்கும். இது யாரோட பிளட் மேம்? அவங்ககிட்டயே புதுசா கேட்டு வாங்கிரலாமா?" அவள் சபூராவின் முகத்தைப் பார்த்து, "ஞாபகம் இல்லம்மா, ரொம்ப நாளாச்சு" என்றாள். கெட்டுப்போன குழாயில் எல்லாத் துண்டும் கெடும். இரண்டு துண்டு மட்டும் எண்ணிப் பாதியாகாது.

சில வருஷம் முன்னால் தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகிப் பிள்ளைக்குக் காத்திருந்தாள், அண்ணனுக்கு இந்த நோய், தனக்கும் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு பெற்றுக்கொள்ளலாம் என்று. அண்ணன் ரத்தத்திலும் பழுது எங்கே என்று பிடிபடவில்லை, இவளிடமும் ஒன்றும் இல்லை. தேடின இடத்தில் இல்லை என்றால் இல்லை என்று அர்த்தமா? அந்த அண்ணனின் பழுது அந்த இரண்டு துண்டில் இருந்திருந்தால்? தேடாமல் விட்ட இரண்டு துண்டு. "உங்களுக்கு ஒண்ணும் தெரியலம்மா" என்று அவள்தான் சொன்னாள். கவனமாகத்தான் சொன்னாள், இல்லை என்று சொல்லவில்லை, தெரியவில்லை என்றுதான் சொன்னாள், ஆனால் சொல்லும்போது சிரித்துவிட்டாள். அந்தப் பெண் அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள், மறு வருஷம் ஒரு பை மாம்பழமும் குழந்தையின் போட்டோவும் வந்தன. போட்டோவை ஹெப்சிபா மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள். ஐயோ. அந்தக் குழந்தைக்கு இப்போது என்ன வயது இருக்கும், நடக்கிறதா, சரியாக நடக்கிறதா? அவளைக் கூப்பிட வேண்டும், எல்லாரையும் கூப்பிட வேண்டும், எல்லா ரத்தத்தையும் மறுபடி ஓட்ட வேண்டும், சபூராவிடம் சொல்ல வேண்டும், அந்தக் குழாய் கெடவில்லை, அந்தக் குழாய் நான்தான் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லுவாள். இந்த ஸ்கேன் முடியட்டும். முடியட்டும் என்றால் என்ன அர்த்தம், படத்தில் ஒன்றுமில்லை என்று வந்தால் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றா? அப்படித்தான் மனசு எங்கோ ஓரத்தில் கணக்குப் போட்டுவைத்திருக்கிறது, திருட்டு மனசு. மறுபடி இயந்திரம், இந்த முறை தாளம் வேறு, ம்ம்ம்ம் என்று தொண்டைக்குள் முனகுகிற மாதிரி. எச்சில் ஊறியது. முழுங்கக்கூடாது என்று நினைக்க நினைக்க இன்னும் ஊறியது. பதமாக முழுங்கினாள்.

சரி, அப்படியானால் எங்கிருந்து வந்தது? இதைத்தான் வாரம் முழுக்கத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். அம்மா இன்றைக்கும் எண்பது வயதில் ஊசியில் நூல் கோக்கிறாள், பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வார்த்தை விடாமல் கேட்கிறாள். அப்பா நாற்பது தாண்டுமுன்னே மைதானத்தில் வரிசைக்கு நடுவே நடக்கையில் ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்தார். பையன்கள் சிரித்தார்கள். கூப்பிட்டால் திரும்புவதில்லை, திரும்பினாலும் வேறு பக்கம் திரும்புவார். சாயங்காலம் இருட்டினால் இன்னும் மோசம், சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். நாசரேத்துப் பக்கத்தில் அது ஒரு கிறிஸ்தவச் சபை ஊர், ஞாயிற்றுக்கிழமை யார் எந்த பெஞ்சில் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். வாத்தியார் குடிக்கிறார் என்று பேச்சு வந்தது. குருவானவர் கூப்பிட்டு விசாரித்தார், கொஞ்ச காலத்துக்கு அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு வரவேண்டாம் என்று தள்ளிவைத்தார். ஊரே எழுந்து முன்னால் போய் முழங்காலில் நிற்கிற நேரத்தில் அப்பா மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார், கையை மடியில் வைத்துக்கொண்டு. ஒரு டாக்டர் காதில் விட மருந்து கொடுத்தார், அவ்வளவுதான் அன்றைக்கு மருத்துவம். வீட்டில் அம்மா நேராகக் கேட்கமாட்டாள். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும், "ஏட்டி, ஓடிப்போயி அப்பாவக் கட்டிப் பிடிச்சுக்க. மூஞ்சிகிட்டப் போயி மோந்து பாத்துட்டு வந்து சொல்லு" என்பாள். ஹெப்சிபா ஓடுவாள். அப்பா குனிந்து தூக்குவார், தூக்கும்போதே தள்ளாடுவார், அவள் கன்னத்தோடு கன்னம் வைத்து மூச்சை இழுப்பாள். சாக்குக்கட்டி, வியர்வை, வெயில். வேறு ஒன்றும் இருக்காது. ஒரு நாள் அப்பா வாயை ஆவென்று திறந்து அவள் மூக்குக்கு நேரே ஊதி, "போயி ஒங்கம்மாட்ட சொல்லு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவள் ஓடவில்லை. பஸ் படியிலிருந்து விழுந்துதான் செத்தார், படியில் வைத்த கால் படியில் இல்லை. அடக்கத்தில்கூட யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். இதெல்லாம் தெரிந்தவள்தான் இருபது வருஷமாகச் சுவரில் படம் ஓட்டி, இரண்டு காதிலும் கட்டி, தள்ளாடி நடப்பார்கள், குடித்தவர் என்று பிறர் நினைக்கக்கூடும் என்று, ஆமாம், அதையும் சொல்லி, சிரித்து, அடுத்த படத்துக்குப் போனாள். ஒரு தடவையாவது அப்பா அந்தச் சுவருக்கு முன்னால் வந்து நின்றாரா? வரவில்லை. ஏன் வரவில்லை என்பது இந்தக் குழாய்க்குள் மல்லாந்து கிடக்கும்போதுதான், வேறு போக்கிடம் இல்லாமல், அவளுக்குப் பிடிபட்டது. அவளும் நம்பியிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் மோந்துபார்த்துவிட்டு ஒன்றுமில்லம்மா என்று சொன்னவள், வாசமில்லாமல் ஏதோ குடிக்கிறார், கெட்டிக்காரர் என்று உள்ளுக்குள் நம்பியிருக்கிறாள். கண்ணீர் காதுப் பக்கமாக இறங்கிப் பஞ்சில் போய்ச் சேர்ந்தது. துடைக்க முடியாது, ஆடக்கூடாதே.

பலகை நகர்ந்து பாதி வெளியே வந்தது. கோதண்டம் குனிந்து கையில் ஊசி போட நரம்பைத் தட்டினார். "மருந்து ஒண்ணு ஏத்தி இன்னொரு தடவை எடுக்கணும் மேடம். உடம்புல கொஞ்சம் சில்லுனு ஏறும், பயப்படாதீங்க." நரம்பு நல்ல நரம்பு, குத்தினதும் கிடைத்தது. "அழுவுறீங்களா என்ன?"

"அரிப்பு."

"எல்லாருக்கும் வரும்" என்றார் அவர். ஆனால் முதலில் பேசின குரல் இல்லை இது. முதலில் கறாராக இருந்தார், இப்போது பஞ்சைச் சரிபண்ணும்போது அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். முடிவு மோசமாக வந்துவிட்ட நோயாளிகளிடம் அவளும் இப்படித்தான் சட்டென்று மரியாதையாகிவிடுவாள், நாற்காலியை இழுத்துப்போடுவாள், தண்ணீர் குடிக்கிறீர்களா என்பாள். படத்தில் என்ன தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டாலும் டாக்டர்தான் சொல்லுவார் என்பார்.

மருந்து முழங்கைக்கு மேலே குளிராக ஏறியது. மறுபடி உள்ளே. தனக்கு என்றால் தாங்கிக்கொள்ளலாம், காது போனால் போகட்டும், அம்மா சண்டை போட்டால் கேட்காது, மஸ்கட்டிலிருந்து புருஷன் போனில் கத்தினால் கேட்காது, நிம்மதி. சிரிப்பு வந்து பாதியில் நின்றது. ஜெமீமாவுக்கு இருக்காது. பாதிக்குப் பாதி என்றால் இல்லாத பாதியும் பாதிதானே. அவளுக்கு ஒரு குறையும் கிடையாது, சின்ன வயதிலிருந்தே நல்ல ஆரோக்கியம், காய்ச்சல்கூட அதிகம் வந்ததில்லை. சைக்கிள் மட்டும் வரவே இல்லை, எத்தனை தடவை பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியும் விட்ட உடனே விழுவாள். அதற்கென்ன, ஹெப்சிபாவுக்கும்தான் சைக்கிள் வந்ததில்லை, அது அவர்கள் வாகு. கரண்டு போனால் சுவரைத் தடவிக்கொண்டு வருவாள், அது இவளும் அப்படித்தான். நீச்சல் கற்றுக்கொடுக்கிறவன் ஒரு நாள் பதறிப்போய், மேடம், பாப்பா தண்ணிக்குள்ள போனா மேல எது கீழ எதுன்னு தெரியாமத் தேடுறா, பாக்கவே பயமா இருக்கு என்றான். இவள் சிரித்துக்கொண்டே, நானும் பாப்பா மாதிரித்தாம்ப்பா, தண்ணி எங்களுக்கு ஆகாது என்று சொல்லி நீச்சலை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கண் பார்க்க வந்த டாக்டர், இந்தச் சின்ன வயதிலேயே லென்ஸில் ஒரு மங்கல் இருக்கிறதே, பெரிய இடத்தில் காட்டுங்கள் என்றார். எனக்கும் சின்னப் பிள்ளையிலேயே இருந்தது டாக்டர், ஒன்றும் செய்யவில்லை, இதோ நன்றாகத்தானே இருக்கிறேன் என்று இவள் சொன்னாள். கண்ணில் இளவயது மங்கல். அவள் சுவரில் ஓட்டுகிற அறிகுறிப் பட்டியலில் அது மூன்றாவது வரி. அவள் கையாலேயே தட்டச்சு செய்த வரி. என்ன கேட்டாலும், யார் கேட்டாலும், பத்தொன்பது வருஷமாக ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறாள், அந்தப் பிள்ளையைத் தூக்கித் தன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது, சரியாக இருக்கிறது என்று அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆய்வுக்கூடத்தில் செய்ததாவது ஊரார் பிள்ளைகளுக்கு. கை பந்தைத் தேடியது. அமுக்கவில்லை. அமுக்கினால் நிறுத்திவிடுவார்கள், படம் பாதியில் நின்றுவிடும், பாதிப் படத்தைப் பார்த்து நம்பிக்கை வைக்கிற புத்தி தன்னிடம் இருக்கிறது என்று இப்போது அவளுக்கே தெரியும்.

முடிந்தது. கூண்டைக் கழற்றினார்கள், காதிலிருந்து பஞ்சு வந்தது, உலகம் வந்தது, கொசுவும் வந்தது. எழுந்து நிற்கும்போது தரை ஒரு பக்கமாகச் சரிந்தது, கோதண்டம் தோளைப் பிடித்தார். "மெதுவா மேடம். படுத்து எழுந்தா யாருக்கும் இப்படித்தான் இருக்கும்." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார். வெளியே வருகிற வழியில்தான் அவர்கள் உட்காருகிற அறை, கண்ணாடிக்கு அப்பால் திரை அணைக்காமல் இருந்தது. நோயாளி பார்க்கக்கூடாது என்று அவர் முன்னால் போய் மறைக்கப் பார்த்தார், பாவம், மறைக்கிற அளவுக்கு அவருக்கு உடம்பு இல்லை. அவளுக்குத் தெரிந்த படம்தான். மூளையின் அடி, இரண்டு நரம்பு, இடது பக்கம் ஒரு வெள்ளைப் பொட்டு, வலது பக்கம் அதைவிடச் சின்னதாக ஒன்று. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயம் இத்தனை நாள் பிடித்திருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் காலியாக இருந்தது, அந்தக் காலியில் நின்றுகொண்டுதான் அவள் கேட்டாள்.

"இன்னைக்கே இன்னொருத்தருக்கு எடுக்க முடியுமா? கூட வந்திருக்கா. என் பொண்ணு."

"டாக்டர் எழுதித் தரணுமே மேடம்."

"அவர்ட்ட நான் பேசிக்கறேன். நீங்க நேரம் மட்டும் போட்டு வைங்க."

அவர் உட்கார்ந்து விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். கதவுக்கு அப்பால் ஜெமீமா அம்மாவைப் பார்த்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டி எழுந்தாள். எழும்போது நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள், எப்போதும் பிடிக்கிற மாதிரி, பிடிக்கிறோம் என்று தெரியாமலே.

"பேரு?"

"ஜெமீமா. பத்தொம்பது வயசு."

"என்ன தொந்தரவுன்னு போடட்டும் மேடம்?"

ஹெப்சிபா மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னைய மாதிரியே இருக்கா" என்றாள்.